பழைய பெட்டியில் இருந்தவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

டைரக்டர் அறையில் இன்று கூட்டம். மருத்துவமனையின் பழைய ஸ்டோரேஜ் பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். அதன் டிஸ்குகள் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருப்பதை நான் போன வருடத்திலிருந்து சொல்லிவருகிறேன்.

எதை வாங்குவது என்று மாத முடிவுக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். டைரக்டர் டாக்டர் லலிதாம்பிகை சொன்னார்: "அமுதா, எனக்கு டிஸ்க் புராணம் வேண்டாம். ரெண்டுல எது, எதனால. அவ்வளவுதான்."

அவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன். யூனிஃபைட் ஸ்டோரேஜ் என்றால் இப்போது இருப்பது மாதிரி ஒரே பெரிய கிடங்கு. ஸ்கேன் படம், லேப் ரிசல்ட், நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் அதற்குள். சர்வர்கள் தனியாக இருந்துகொண்டு அங்கே வந்து எடுத்துப் போகும். ஹைப்பர்கன்வர்ஜ்டு என்றால் கிடங்கே கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தன் வயிற்றிலேயே டிஸ்க் வைத்திருக்கும். ஒன்றில் இருப்பதன் நகல் மற்றதிலும் இருக்கும். ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கும். ஆனால் எல்லாம் நகல் நகலாக இருப்பதால் இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

"உன் மனசுல எது?" என்று கேட்டார்.

யூனிஃபைட் என்றேன். நம்மிடம் ஸ்கேன் படங்கள்தான் அதிகம், அவை இடத்தைத் தின்பவை என்றேன். அது உண்மையும்தான்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாயிற்று. ஆதிரைக்கு ஷூ வாங்க வேண்டும், பழையது கடிக்கிறதாம்.

ஜூன் 5, வியாழன்

நவநீதன் ஹைப்பர்கன்வர்ஜ்டு பக்கம். எனக்குக் கீழே வேலை செய்தாலும் வாதாடுவதில் குறை வைக்க மாட்டான். "மேடம், நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். கிடங்கு தனி, சர்வர் தனி, நடுவுல வயர் தனின்னு மூணையும் யாரு மேய்க்கறது? ஹைப்பர்கன்வர்ஜ்டுல எல்லாம் ஒரே திரையில தெரியும். இடம் பத்தலைன்னா இன்னொரு சர்வரைச் சேர்த்தா முடிஞ்சது."

சரியான வாதம்தான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு எதையும் தொடாமல், எதையும் திறந்து பார்க்காமல், அப்படியே மொத்தமாக மாற்றிவிடலாம் என்றேன். அதுதான் யூனிஃபைடின் பெரிய வசதி.

"திறந்து பார்த்தா என்ன மேடம்?" என்றான்.

எத்தனை டிஸ்க் இடம் உண்மையில் தேவை என்று கணக்கெடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

மோட்டார் ரிப்பேர். ஆபீசுக்குத் தாமதம்.

ஜூன் 9, திங்கள்

கணக்கெடுத்ததில் நவநீதன் ஒரு ஃபோல்டரைக் கண்டுபிடித்திருக்கிறான். யாருக்கும் தெரியாத ஃபோல்டர். ஸ்கேன் படங்களுக்கு அடுத்தபடி அதுதான் பெரியது. முழுக்க வீடியோ. எல்லாம் 2020, 21ஆம் வருடங்களைச் சேர்ந்தவை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

கொரோனா நேரத்தில் நான்காம் மாடிக்குள் குடும்பத்தாரை விடவில்லை. கட்டிலுக்குக் கட்டில் ஸ்டாண்டில் டேப்லெட் வைத்து, வீட்டிலிருப்பவர்களுடன் வீடியோ காலில் பேச வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு சின்ன கம்பெனி அவசரமாகச் செய்து கொடுத்த ஆப். அது ஒவ்வொரு காலையும் தானாகவே பதிவு செய்து இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கம்பெனியே இப்போது இல்லை.

என்ன வகை ஃபைல் என்று பார்க்க நவநீதன் ஒன்றைத் திறந்துவிட்டான். ஸ்பீக்கர் ஆனில் இருந்தது. சர்வர் அறையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்: "அப்பா, கண்ணைத் தொறங்கப்பா, நான் சுமிப்பா." அவன் மூடுவதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டது.

மதியம் அவன் டப்பாவைத் திறக்கவில்லை.

நான் அந்த ஃபோல்டரைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஆதிரையின் பள்ளியில் ஒரு படிவம் கேட்டிருந்தார்கள். அப்பா பெயருக்கு முன்னால் என்ன எழுத வேண்டுமோ அதை அவளே எழுதிக்கொண்டு வந்து, கையெழுத்து மட்டும் வாங்கிப் போனாள். பதினான்கு வயதுக்கு நல்ல கையெழுத்து.

ஜூன் 12, வியாழன்

சர்வர் அறைக்குள் போனால் காது வேறு எதையோ கேட்கிறது. பழைய பெட்டியின் விசிறி ஒரு மாதிரி இழுத்து இழுத்து விடும், நெடுநாளாகவே அப்படித்தான். இதுவரை அது எனக்கு விசிறிச் சத்தமாகத்தான் இருந்தது. இப்போது ஆக்ஸிஜன் மெஷின் மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நின்று கேட்டால் நடுவில் யாரோ பேச வாயெடுப்பது போல் ஒரு விக்கல்.

நவநீதனிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் அந்த அறைக்குள் இப்போதெல்லாம் பாட்டு வைத்துக்கொண்டுதான் போகிறான்.

ஜூன் 13, வெள்ளி

இன்று அதைப் பார்க்க நேர்ந்துவிட்டது. வேண்டுமென்று செய்ததல்ல.

பேக்கப் சரியாக வருகிறதா என்று சோதிக்கும் திரையில், ஒரு ஃபோல்டரைத் தொட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சின்னச் சின்னப் படமாக விரியும். கை தவறிப் பட்டுவிட்டது. திரை முழுக்க மாஸ்க். மாஸ்க், நெற்றி, சீலிங். மாஸ்க், நெற்றி, சீலிங். சிலதில் ஆளே இல்லை, டேப்லெட் சாய்ந்து டியூப் லைட் மட்டும் எரிகிறது. அத்தனை பேரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவர்கள் பார்த்தது அவரவர் வீட்டுக்காரர்களை.

உடனே மூடிவிட்டேன். ஆனால் ஒரு நெற்றியை அடையாளம் கண்டுகொள்ள அதிக நேரம் வேண்டியதில்லை. வரிசையில் எந்த இடம் என்றுகூடத் தெரியும்.

ராத்திரிக்கு இட்லி மாவு இருந்தது. ஆதிரை தோசை கேட்டாள்.

ஜூன் 16, திங்கள்

அறிக்கையை எழுதத் தொடங்கினேன். யூனிஃபைட் ஸ்டோரேஜ் வாங்கலாம். காரணம் ஒன்று, பெரிய ஃபைல்கள். காரணம் இரண்டு, இடம். காரணம் மூன்று, இருப்பதை இருந்தபடியே மாற்றலாம்.

மூன்றாவதை நவநீதன் விரலால் தொட்டுக் காட்டினான். "அந்த ஃபோல்டரும் வருமா மேடம்?"

"எல்லாமும் வரும். நாம எதையும் பிரிச்சுப் பார்க்க வேண்டாம்."

"ஹைப்பர்கன்வர்ஜ்டு வாங்கினா அந்த ஃபோல்டருக்கு இடம் இருக்காது. எதை வச்சுக்கறது எதை அழிக்கறதுன்னு யாராவது உட்காரணும். அதனாலயா?"

கேபின் கண்ணாடி வழியே வெளியே ஒரு வார்டு பாய் காலி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடத்துக்காகத்தான்" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

முற்பகல் நல்ல கூட்டம். திடீரென்று லேபிலிருந்து போன், ரிசல்ட் வரவில்லை என்று. அடுத்து ஐசியூ. அடுத்து பில்லிங். நான் சர்வர் அறைக்கு ஓடினேன். பழைய பெட்டிக்கு இரண்டு மூளை. ஒன்று நின்றால் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டும் சேர்ந்து நின்றுவிட்டன. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கிடங்கு பூட்டிக்கொண்டால் ஊரில் யாருக்கும் அரிசி இல்லை. சர்வர்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, கொடுக்க ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில்தான் எமர்ஜென்சிக்கு ஒரு அம்மாவைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சூலூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர், பெயர் ருக்மணி. கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு வாய் கோணிவிட்டது. தலையை ஸ்கேன் எடுத்தாயிற்று, படம் டாக்டரின் திரைக்கு வரவில்லை. ரத்தக் கட்டா, ரத்தக் கசிவா என்று தெரியாமல் மருந்து போட முடியாது. ஒன்றுக்குக் கொடுப்பது மற்றதற்கு விஷம். டாக்டர் மாடிப்படியில் ஓடி, ஸ்கேன் மெஷினின் திரையிலேயே பார்த்துவிட்டு, மறுபடி ஓடிவந்து மருந்து போட்டார்.

அந்த அம்மாவின் மகன் என் கேபின் வாசலில் வந்து நின்றான். இது கம்ப்யூட்டர் ஆபீஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் கத்தவில்லை. "ஏனுங்க, உங்க மெஷின் எப்பங்க சரியாகும்?" என்றான்.

பெட்டியை மறுபடி எழுப்ப மதியம் ஆகிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

ருக்மணி அம்மா பிழைத்துவிட்டார். பேச்சு வருகிறது. வலது கை தூக்க வரவில்லை. அந்தத் தாமதத்தாலா என்று கேட்டேன். டாக்டர், "தெரியாது, யாராலும் சொல்ல முடியாது" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

பார்த்துவிட்டு வந்தேன். இடது கையால் ஸ்பூன் பிடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "சாப்டியா கண்ணு?" என்று கேட்டார்.

ஜூன் 23, திங்கள்

அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ஹைப்பர்கன்வர்ஜ்டு. ஒரு பெட்டி நின்றால் எல்லாம் நிற்கும் நிலை இனி கூடாது. யூனிஃபைடிலும் நல்ல பெட்டிகள் இருக்கின்றன. இரண்டு வாங்கி இரண்டு கட்டிடத்தில் வைத்தால் அதுவும் தாங்கும். ஆனால் இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இருப்பது நானும் நவநீதனும். எங்களில் ஒருவர் லீவில் இருந்தாலும் ஓடக்கூடியதுதான் வேண்டும். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய ஸ்கேன் படங்கள் வரும். மற்றவற்றுக்கு இடம் இருக்காது.

மற்றவை என்றால் என்ன என்றும் எழுதினேன். மறைக்கவில்லை.

நவநீதன் படித்துவிட்டு, "ஜெயிச்சது நானா மேடம்?" என்று கேட்டான். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

டாக்டர் லலிதாம்பிகை கதவைச் சாத்தச் சொன்னார். வக்கீலிடம் பேசிவிட்டாராம். அனுமதி இல்லாமல் எடுத்த பதிவு, வெளியே தெரிந்தால் வம்பு. சத்தமில்லாமல் அழித்துவிடுங்கள் என்பது வக்கீலின் யோசனை.

நவநீதன், ஒரு தனி டிஸ்கில் போட்டு பீரோவில் வைக்கலாமே என்றான். "யாரோட சாவையோ என் பீரோவுல வச்சுப் பூட்டறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு?" என்றார் டாக்டர்.

நான் சொன்னேன்: "டாக்டர், அது நம்முடையது இல்லைங்க. வச்சுக்கறதுக்கும் உரிமை இல்லை, அழிக்கறதுக்கும் இல்லை. அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லணும். வேணும்னா வாங்கிக்கட்டும், வேண்டாம்னா அழிக்கச் சொல்லட்டும்."

"நாலு வருஷம் கழிச்சு ஒரு வீட்டுக்குப் போன் பண்ணி இதைச் சொல்றதா? ஆறின புண்ணுங்க, அமுதா."

"ஆறிடுச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அந்த நாட்களில் நான்காம் மாடியைப் பார்த்துக்கொண்டது டாக்டர்தான். டைரக்டர் ஆனது பிறகு.

"அதுல என் குரல் இருக்கும்" என்றார். "ஒவ்வொண்ணுலயும். எங்களால முடிஞ்சதைச் செய்யறோம், எங்களால முடிஞ்சதைச் செய்யறோம்னு. இன்னும் காய்கறிக் கடையில நிக்கும்போதுகூட அந்த வாக்கியம் வாயில வந்துடுது."

பிறகு, "கூப்பிடுங்க" என்றார். "கேஸ் வந்தா என் பேர்ல வரட்டும்."

ஜூன் 30, திங்கள்

போன் பேசும் வேலை தொடங்கிவிட்டது. சேர்க்கையின்போது கொடுத்த எண்கள். பல இப்போது இல்லை. பெயர் வரிசையில் பாதி எனக்கு, பாதி நவநீதனுக்கு. 'த' வரிசை என் பாதியில்தான் வந்தது, ஆனால் எனக்குப் புதிய சர்வர்களை இறக்கும் வேலை இருப்பதால் அவனிடம் கொடுத்துவிட்டேன்.

உக்கடத்திலிருந்து ஒரு பெண். "அழிச்சிடுங்க. எங்க வீட்டுக்காரரை நான் கல்யாண போட்டோல இருக்கற மாதிரிதான் வச்சிருக்கேன்." நன்றி என்றும் சொன்னார்.

ஒருவர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். மாலையில் அவரே கூப்பிட்டார். மகள் வீட்டில் இருந்ததால் அப்படிச் சொன்னாராம்.

ஜூலை 2, புதன்

பொள்ளாச்சியிலிருந்து ஜாகிர் என்பவர் தன் அக்காவைப் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். அவர்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், பதிவு. பென் டிரைவை வாங்கிய அக்கா அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டே இருந்தார். "சூடா இருக்குதே" என்றார் தம்பியிடம். அப்போதுதான் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தது, சூடாகத்தான் இருக்கும். நான் அதைச் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மேட்டுப்பாளையம். பதிவில் இருப்பது அவர் மனைவி. "எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லீங்க. நீங்க பார்த்து, அவ கடைசியா என்ன சொன்னாள்னு மட்டும் சொல்றீங்களா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த அம்மா மூச்சுக்கு நடுவே, பால்காரனுக்குக் கணக்கு எழுதிவைத்த சீட்டைக் கிழித்துவிடாதீர்கள் என்று சொன்னார்.

அவரிடம் அதைச் சொன்னேன். மறுமுனையில் மெதுவாக ஒரு சிரிப்பு. "அவதான்" என்றார். "அவதாங்க."

அதற்குப் பிறகு என்னால் அன்று வேறு எண்ணை அழுத்த முடியவில்லை.

ஜூலை 7, திங்கள்

புதிய சர்வர்கள் ஓடுகின்றன. சோதனைக்காக நவநீதன் ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினான். எதுவும் நிற்கவில்லை. லேபில் யாருக்கும் தெரியக்கூட இல்லை.

ஜூலை 9, புதன்

மதியம் என் செல்போன் அடித்தது. ஆபீஸ் எண். நவநீதன் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். நாற்காலியைத் தள்ளினால் அவன் தலை எனக்குத் தெரியும். அவன் எழுந்து வரவில்லை. நானும் நாற்காலியைத் தள்ளவில்லை.

"வணக்கங்க. மருத்துவமனையிலிருந்து பேசறேன். தனபால் அவங்க குடும்பத்தினர்ங்களா?"

எத்தனையோ வீடுகளுக்குச் சொன்ன அதே வாக்கியங்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவன் ஒன்றையும் விடாமல் சொன்னான், அவசரப்படாமல், அந்நியரிடம் பேசுவது போலவே. உங்கள் அனுமதியில்லாமல் பதிவானதற்கு வருந்துகிறோம். அது உங்களுக்குச் சொந்தமானது. வேண்டுமென்றால் தருகிறோம், வேண்டாமென்றால் அழித்துவிடுகிறோம். இப்போதே முடிவு சொல்ல வேண்டியதில்லை.

"நான் அவர் மனைவி" என்றேன். இந்த ஆபீசில் இதை நான் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு.

"சொல்லுங்கம்மா" என்றான். என்றைக்கும் மேடம்தான் என்பான்.

"என் பொண்ணைக் கேட்டுச் சொல்றேங்க."

ஜூலை 10, வியாழன்

ஆதிரையிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன். அன்றைக்குப் பேசும்போது நடுவில் லைன் போய்விட்டதே, அந்தக் கால்.

"நாமதான் கட் பண்ணிட்டோம்னு அப்பா நினைச்சிருப்பாரா?" என்று உடனே கேட்டாள். யோசித்துக் கேட்டது இல்லை. நாலு வருடமாக நாக்கின் நுனியில் வைத்திருந்தது.

மறுபடி மறுபடி போட்டும் கிடைக்காத அந்தச் சாயங்காலத்தையும், விடிந்ததும் வந்த போனையும் நாங்கள் இருவரும் இதுவரை பேசியதில்லை. நான் நினைத்ததையேதான் அவளும் நினைத்துக்கொண்டு இதே வீட்டில் வளர்ந்திருக்கிறாள்.

"பார்க்கலாம்மா" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் இருவரும் குளித்துவிட்டு உட்கார்ந்தோம். ஆதிரை என் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

அவர். மாஸ்க்குக்கு மேலே கண். தாடி வளர்ந்திருந்தது. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் நாங்கள். ஆதிரை இரட்டைச் சடையோடு எட்டாம் வாய்ப்பாடு சொல்கிறாள், நான் பின்னால் நின்று தலையை ஆட்டுகிறேன். அவர் விரலால் போர்வையில் தாளம் போடுகிறார். பாதி வாய்ப்பாட்டில் எங்கள் கட்டம் கறுத்துப் போகிறது.

அத்தோடு முடியும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. எங்கள் பக்கம்தான் அறுந்தது. அங்கே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

நீல உடுப்பில் ஒரு நர்ஸ் குனிந்து பார்க்கிறார். முகம் தெரியவில்லை, மாஸ்க், கண்ணாடி. "லைன் போயிருச்சுங்கண்ணா. மறுபடி போடறேன் இருங்க." இரண்டு மூன்று தடவை முயல்கிறார். "கிடைக்கல."

அவர் கையை ஆட்டுகிறார். "விடுங்க சிஸ்டர். டவர் இருக்காது அங்க. மழைன்னா இப்படித்தான்." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்குகிறது. "பாப்பா சாப்பிடற நேரம்."

அன்று மழை பெய்ததா? எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க சாப்டீங்களா?" என்று நர்ஸைக் கேட்கிறார்.

"இந்த டிரெஸ்ஸைப் போட்டுட்டா தண்ணிகூடக் குடிக்க முடியாதுங்கண்ணா."

"உக்காருங்க கொஞ்சம்."

அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்கிறார். ஆக்ஸிஜன் சத்தம் மட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸின் தலை சரிகிறது, நிமிர்கிறது, மறுபடி சரிகிறது. கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போகிறார். அவர் தலையைத் திருப்பி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கதவருகே யாரோ, "சிஸ்டர்!" என்று கூப்பிடுகிறார்கள். அவர் கையைத் தூக்குகிறார். ஊசி குத்திய கை, டியூபும் சேர்ந்து எழுகிறது. மாஸ்க்கின் மேல் ஒரு விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்கிறார்.

வந்தவர் போய்விட்டார். பின்னர் நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. டேப்லெட்டில் சார்ஜ் தீரும் வரை நர்ஸ் தூங்கினார். அவர் விழித்திருந்தார்.

ஆதிரை அழுதாள். பிறகு, "மறுபடி போடும்மா" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

பழைய பெட்டியை இன்று அணைத்தோம். விசிறி நிற்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வாங்கிக்கொண்டவர்கள் போக, வேண்டாமென்றவர்களுடையதை நானே அழித்தேன். பதிலே வராத எண்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை வருட முடிவு வரை வைத்திருந்து தேடிப் பார்க்க டாக்டர் சம்மதித்திருக்கிறார். ஒரு சின்ன டிஸ்க், சாவி அவரிடம்.

அந்த நர்ஸைத் தேடும் வேலையை ஆதிரை நவநீதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். நீல உடுப்பின் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்ததை இருவருமாகப் பெரிதாக்கிப் படித்துவிட்டார்கள். பிலோமி. அந்த வருடமே வேலையை விட்டுவிட்டாராம். இப்போது திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். எண் கிடைத்துவிட்டது.

நாளை கூப்பிட வேண்டும். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. இறந்துபோனவரின் மனைவி பேசுகிறேன் என்றால் பயந்துவிடுவார். நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டீர்கள், உங்களை எழுப்பாமல் ஒருவர் பார்த்துக்கொண்டார், அவர் வீட்டிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லலாம்.